ஹில் எண்டின் கண்ணாடித் தகடுகள்

ஆஸ்திரேலியாவில் தங்கம் என்று பேச்செடுத்தால் போதும், பல்லாரட், பெண்டிகோ என்று எல்லாரும் விக்டோரியாப் பக்கம் போய்விடுகிறார்கள். சிட்னியில் இருக்கும் நம்மவர்களிடம் நான் சொல்வது வேறு. பாதர்ஸ்ட் வரைக்கும் போகிறீர்கள் அல்லவா, அங்கிருந்து வடக்கே மலைப்பாதையில் ஏறி ஹில் எண்ட் போய்ப் பாருங்கள்.

"அங்கே பார்க்க என்ன இருக்கு?" என்று உடனே கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஒரு மதுக்கடை, ஒரு பலசரக்குக் கடை, ஒரு பள்ளிக்கூடம், தேவாலயங்கள், தகரக்கூரை போட்ட பழைய வீடுகள், வீடு போய்விட்ட பிறகும் நின்றுகொண்டிருக்கும் புகைபோக்கிகள். சாயங்காலம் ஆனால் தெருவிலேயே கங்காருகள் மேயும். ஊரில் இருப்பவர்கள் நூறு பேர் அளவில்தான். மற்றபடி எங்கு பார்த்தாலும் புல் முளைத்த காலி மனை.

ஆனால் அந்தக் காலி மனைகளில்தான் விஷயமே இருக்கிறது. 1872-இல் இந்த இடத்தில் என்ன கடை இருந்தது, அதன் வாசலில் யார் நின்றார், கூரை மரப்பட்டையா தகரமா, ஜன்னலில் என்ன தொங்கியது என்பதை மனைக்கு மனை காட்ட முடிகிற ஊர் இது. பல மனைகளின் முன்னால் அந்த இடத்தின் அன்றைய புகைப்படத்தைப் பலகையில் பதித்து நட்டிருக்கிறார்கள். படத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே வெறும் புல்வெளி. மறுபடி குனிந்தால் ஒரு முழுக் கடைத்தெரு. இத்தனை சின்ன ஊருக்கு இந்தப் பேறு எப்படி வாய்த்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இந்த ஊர் ஏன் என்னை இப்படிப் பிடித்துக்கொண்டது என்பது அப்போதுதான் புரியும். நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். தங்கம் ஓடும் வெள்ளைக் கல் என்றால் என்ன, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் குழி என்றால் என்ன, ஷிப்டு முடிந்து சங்கு ஊதினால் வீட்டில் உலை வைக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பள்ளிக்கூடம் போகும் முன்பே தெரியும். இதற்கு மேல் அந்த ஊர்க்கதையை இங்கே இழுக்க மாட்டேன்.

ஹில் எண்ட் இருப்பது அந்த வட்டாரத்துப் பூர்வகுடிகளான விராஜுரி மக்களின் நிலத்தில். தங்கத்துக்கு முன்னால் ஆட்டுப்பண்ணைக்காரர்கள் வந்தார்கள். நிலத்துக்காக நடந்த சண்டை முற்றி, 1824 ஆகஸ்டில் பாதர்ஸ்ட் பகுதியில் ஆளுநர் பிரிஸ்பேன் இராணுவச் சட்டத்தையே அறிவித்தார். விராஜுரித் தலைவர் விண்ட்ராடைன் பெயர் அந்த வட்டாரத்தில் இன்றும் மரியாதையோடு சொல்லப்படுகிறது. தங்கத்தின் கதையை 1851-இல் தொடங்குவதுதான் வழக்கம். அதற்கு முந்தைய 27 வருடத்தையும் சேர்த்துச் சொல்வதுதான் முறை என்று எனக்குப் படுகிறது.

1851 பிப்ரவரியில் எட்வர்ட் ஹார்கிரேவ்ஸ், உள்ளூர்க்காரரான ஜான் லிஸ்டரை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு ஓடையில் மண்ணை அலசிப் பொன் துகள் கண்டார். வேலை செய்தால் கட்டுபடியாகும் அளவு தங்கத்தை ஏப்ரலில் கண்டெடுத்தவர்கள் லிஸ்டரும் வில்லியம் டாமும். பரிசும் பெயரும் பெரும்பாலும் ஹார்கிரேவ்ஸுக்கே போயின. அந்த இடத்துக்கு ஓஃபிர் என்று பைபிளிலிருந்து பெயர் எடுத்து வைத்தார்கள். மே மாதம் செய்தி வெளியானதும் சிட்னியிலிருந்து நீல மலைகளைத் தாண்டி ஜனம் கிளம்பிவிட்டது. மாதம் முப்பது ஷில்லிங் கட்டி உரிமம் வாங்கியவர்தான் தோண்டலாம். தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்த முப்பது ஷில்லிங் போனது போனதுதான்.

அதே வருடம் ஜூலையில் ஹில் எண்டுக்கு வடக்கே, ஹார்கிரேவ்ஸ் என்று இன்று பெயர் வழங்கும் ஊர்ப்பக்கம், விராஜுரி மேய்ப்பர் ஒருவர் தங்கம் ஓடிய வெண்கல் (குவார்ட்ஸ்) பாறை ஒன்றைக் கண்டுபிடித்தார். அதில் நூறு ராத்தலுக்கு மேல் தங்கம் இருந்தது. அவர் வேலை பார்த்த பண்ணை முதலாளி டாக்டர் கெர். இன்றைக்கும் அந்தக் கண்டுபிடிப்பு கெர் பெயரில்தான் வழங்குகிறது. எடுத்துப் போக வசதியாக அதை உடைத்துத்தான் கொண்டுபோனார்கள். உடைத்தார்கள் என்பதை நினைவில் வையுங்கள். இருபத்தொரு வருடம் கழித்து இதே வட்டாரத்தில் இன்னும் பெரிதாக ஒன்று கிடைக்கப் போகிறது, அதற்கும் அதே கதிதான்.

ஹில் எண்டுக்குச் சற்று வடக்கே டாம்பரூரா. முதலில் ஊராக வளர்ந்தது அதுதான். ஓடைமண்ணில் தங்கம் கிடந்த காலம் அது. தட்டு, தொட்டில் போல ஆட்டும் சல்லடைப்பெட்டி, மண்வெட்டி இருந்தால் ஒரு குடும்பம் பிழைக்கலாம். சீனர்கள் பெருவாரியாக வந்து தங்கியதும் டாம்பரூராவில்தான். மற்றவர்கள் ஒருமுறை அலசி விட்டுப்போன மண்ணைப் பொறுமையாக மறுபடி அலசினார்கள். காய்கறி போட்டு ஊருக்கு விற்றார்கள். அதற்குக் கிடைத்த நன்றி 1861-இல் வந்த சட்டம். கப்பலில் பத்து டன்னுக்கு ஒரு சீனர்தான் வரலாம், வந்தவர் தலைக்குப் பத்து பவுண்டு வரி கட்ட வேண்டும். ஆறு வருடம் கழித்து அதை நீக்கினாலும், அந்த எண்ணம் நீங்கவில்லை.

ஓடைத்தங்கம் தீர்ந்தபோது பார்வை மேட்டுப்பக்கம் திரும்பியது. ஹில் எண்டை முதலில் பால்ட் ஹில்ஸ் என்றுதான் அழைத்தார்கள், மொட்டை மேடு. அதன் தெற்கே ஹாக்கின்ஸ் ஹில் செங்குத்தாக டூரான் ஆற்றை நோக்கி இறங்குகிறது. அந்தச் சரிவில் சிலேட்டுப் பாறை அடுக்கடுக்காக மடங்கிக் கிடக்கிறது. அடுக்குகளுக்கு இடையே அதே சாய்வில் வெண்கல் நரம்புகள் ஓடுகின்றன. சில நரம்புகள் கை அகலம்கூட இல்லை. ஆனால் தங்கம் சேர்ந்த இடங்களில் நம்ப முடியாத அளவுக்குச் சேர்ந்திருந்தது.

வெண்கல்லிலிருந்து தங்கம் எடுப்பது ஓடை அலசுவதைப் போலத் தனியாள் வேலை இல்லை. பாறையில் உளியும் சுத்தியலும் கொண்டு கையால் துளை போட்டு, வெடிமருந்து அடைத்து, வெடித்துச் சிதறியதை மேலே ஏற்ற வேண்டும். பிறகு இடிப்பாலைக்குக் கொண்டுபோக வேண்டும். கனமான இரும்புப் பூண் போட்ட உலக்கைகள் வரிசையாக எழுந்து விழுந்து கல்லை மாவாக்கும். அந்த மாவைத் தண்ணீரோடு பாதரசம் பூசிய செப்புத் தகடுகள் மேல் ஓடவிட்டால் பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். பாதரசத்தைச் சுட்டு ஆவியாக்கினால் தங்கம் மிஞ்சும். 1850களிலேயே இங்கே இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதி முறையில் சூளைகள் கட்டியிருக்கிறார்கள். கல்லை விறகில் சுட்டு நொறுங்கவைத்துப் பிறகு இடிப்பதற்காக. அந்தக் கற்சூளைகள் இன்னும் நிற்கின்றன. தங்கவயலிலும் மேலாளர்களாக வந்தவர்களில் பலர் கார்ன்வால்காரர்களே. அதனால் அந்தச் சூளை முன்னால் நின்றபோது அந்நியமான இடம் என்றே தோன்றவில்லை.

இத்தனைக்கும் முதல் வேண்டும். முதலுக்குப் பங்குகள் வேண்டும். 1871-72-இல் சிட்னியில் ஹில் எண்ட் பங்கு வாங்காத ஆளில்லை என்கிற அளவுக்கு வெறி பிடித்தது. ஹாக்கின்ஸ் ஹில்லின் பொன் விளைந்த பகுதி கால் மைல்தான். அந்தக் கால் மைலில் சின்னச்சின்னப் பட்டாவாக ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சுரங்கங்கள். க்ரோமன் சுரங்கம், பாக்ஸ்டன் சுரங்கம், ராப் சுரங்கம் என்று. அங்கே நிஜமாகத் தங்கம் எடுத்தார்கள். அவர்கள் பெயரைச் சொல்லி, ஒன்றுமே இல்லாத பக்கத்து மேடுகளுக்கெல்லாம் கம்பெனி போட்டுப் பங்கு விற்றார்கள். பணம் போட்ட சிட்னிக் குமாஸ்தாக்களும் கடைக்காரர்களும் அந்த மேட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் இல்லை. இந்த ஊரின் வீழ்ச்சிக்குத் தங்கம் தீர்ந்தது பாதிக் காரணம் என்றால், இந்தப் பங்குச் சூதாட்டம் மீதிப் பாதி என்பது என் கணிப்பு.

உச்சத்தில் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்து எட்டாயிரம் பேர் இருந்ததாகச் சொல்வார்கள். 25-க்கு மேல் மதுக்கடைகள். வங்கிகள், செய்தித்தாள், மருந்துக்கடை, நகைக்கடை. தெருக்கள் கோணல்மாணலாக ஓடுவதற்குக் காரணம், கூடாரம் போட்ட இடமெல்லாம் பிறகு கடையாகிவிட்டது. நில அளவைக்காரர் வருவதற்குள் ஊர் உட்கார்ந்துவிட்டது.

இப்போது ஹோல்ட்டர்மன்.

பெர்னார்ட் ஓட்டோ ஹோல்ட்டர்மன் 1838-இல் ஹாம்பர்க்கில் பிறந்தவர். கட்டாய இராணுவச் சேவைக்குத் தப்பி 1858-இல் சிட்னி வந்து இறங்கினார். கையில் காசில்லை, ஆங்கிலமும் சரியாக வராது. கப்பலில், ஓட்டலில் என்று கிடைத்த வேலையைச் செய்தார். லூயிஸ் பையர்ஸ் என்ற போலந்துக்காரர் சிநேகமானார். இரண்டு பேரும் தங்கம் தேடி மலை ஏறினார்கள். பல வருடம் ஒன்றும் தேறவில்லை. வெடிமருந்து விபத்தில் ஹோல்ட்டர்மன் உயிர் தப்பியதே பெரிது. நடுவில் ஹில் எண்டில் ஒரு மதுக்கடையும் நடத்திப் பார்த்தார். 1868-இல் நண்பர்கள் இருவரும் ஒரே நாளில் அக்கா தங்கையைக் கட்டிக்கொண்டு சகலர்கள் ஆனார்கள். அப்போதும் கையில் காசு பெரிதாக இல்லை. ஹாக்கின்ஸ் ஹில்லில் அவர்களுடைய சுரங்கம் பலன் தரத் தொடங்கியது 1871-இல்தான். பிறகு அது ஸ்டார் ஆஃப் ஹோப் கம்பெனி ஆனது.

1872 அக்டோபர் 19, இரவு ஷிப்டு. வெடி வைத்துப் புகை அடங்கியதும் ஆட்கள் விளக்கோடு போய்ப் பார்க்கிறார்கள். சுவர் முழுக்கத் தங்கம். இரவு ஷிப்டில் வெடிக்குப் பிறகு உள்ளே போவது எப்படி என்று அப்பா சொல்லக் கேட்டவள் நான். முதலில் மேலே பார்த்து, தொங்கும் கல்லைத் தட்டிவிட்டு, பிறகுதான் காலெடுத்து வைக்க வேண்டும். அந்த ஆட்களும் அண்ணாந்துதான் பார்த்திருப்பார்கள், அப்புறம்தான் எதிரே.

அந்தப் பாளத்தை ஒரே துண்டாக மேலே கொண்டுவந்தார்கள். கிட்டத்தட்ட ஐந்தடி உயரம், 286 கிலோ எடை. வெண்கல்லும் சிலேட்டும் கலந்த பாளம், உள்ளே 93 கிலோ அளவில் தங்கம். ஓடையில் கிடைக்கும் தனித்தங்கக் கட்டி இல்லை என்பதால் கறாராகப் பார்த்தால் இதைக் கட்டிகளோடு சேர்க்க மாட்டார்கள். ஆனாலும் ஒரே துண்டில் அவ்வளவு தங்கம் அதற்கு முன்போ பின்போ கிடைத்ததில்லை.

ஹோல்ட்டர்மன் அதை உடைக்க வேண்டாம் என்றார். அதன் மதிப்பு 12,000 பவுண்டு என்று கணக்கிட்டிருந்தார்கள், மேலே ஆயிரம் பவுண்டு சேர்த்துத் தானே வாங்கிக்கொள்வதாகக் கேட்டார். கம்பெனி மறுத்துவிட்டது. பாளம் இடிப்பாலைக்குப் போனது. பூமி எத்தனையோ கோடி வருடம் எடுத்துச் செய்த ஒன்று மற்றக் கற்களோடு சேர்ந்து மாவாகிப் போனது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நிஜமாகவே வயிறு எரிகிறது. பணமாக எண்ணியவர்கள் யாரும் ஏழைகள் இல்லை, பட்டினி கிடந்தவர்கள் இல்லை. ஒரே ஒரு பாளத்தை விட்டுவைத்திருக்கலாம்.

மிஞ்சியது படம்தான். ஹோல்ட்டர்மன் பாளத்தின் மேல் கைவைத்து நிற்கும் அந்தப் பிரபலமான படம்கூட ஸ்டூடியோவில் தனியே எடுத்து, வெட்டி ஒட்டியது. ஒரு தாங்கியின் மேல் கை வைத்து நின்றார், பிறகு அந்த இடத்தில் பாளத்தின் படத்தைச் சேர்த்தார்கள். பார்த்தவர்கள் ஏமாற வேண்டும் என்பதற்காக அவர் அதைச் செய்யவில்லை, காப்பாற்ற முடியாமல் போனதன் பக்கத்தில் ஒருமுறையாவது நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

படம் எடுத்தவர்கள் யார்? போஃபாய் மெர்லின் என்ற ஆங்கிலேயர் ஊர் ஊராகப் போய்ப் படமெடுக்கும் தொழில் நடத்திவந்தார். உதவிக்கு சார்ல்ஸ் பேலிஸ் என்ற இளைஞர், இருபத்திரண்டு வயது. இவர்கள் பாணியே தனி. மற்ற ஸ்டூடியோக்காரர்கள் திரைச்சீலைக்கு முன்னால் ஆளை உட்காரவைத்துப் படமெடுத்தார்கள். மெர்லின் தெருவுக்கே போனார். ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே முக்காலியை நிறுத்தி, உள்ளே இருப்பவர்களை வாசலுக்கு வரச்சொல்லி எடுத்தார். படத்தை அவர்களுக்கே விற்றார், அதுதான் பிழைப்பு. 1872-இல் ஹில் எண்டுக்கும், இன்னொரு தங்க ஊரான குல்காங்குக்கும் வந்து சேர்ந்தார்கள்.

அந்தத் தொழில்நுட்பம் எவ்வளவு கடினம் என்று தெரிந்தால்தான் படங்களின் அருமை புரியும். கண்ணாடித் தகட்டின் மேல் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தை ஊற்றி, தகட்டைச் சாய்த்துச் சாய்த்து எல்லா மூலைக்கும் பரவச் செய்ய வேண்டும். பிறகு இருட்டில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, ஈரம் காய்வதற்குள் கழுவியும் முடிக்க வேண்டும். பத்து நிமிடம் இருந்தால் அதிகம், வெயிலில் அதுவும் இல்லை. அதனால் இருட்டறையை வண்டியில் ஏற்றிக் கூடவே கொண்டுபோனார்கள். கழுவிய தகட்டை நிலைநிறுத்த சயனைடு பயன்படுத்துவது அந்தக் காலப் படக்காரர்களின் வழக்கம். தங்கவயலில் சயனைடு கழிவு மேடுகளுக்கு நடுவில் வளர்ந்த எனக்கு அந்த வரியைப் படித்ததும் புல்லரித்தது. புழுதி பறக்கும் தெருவில், பக்கத்தில் இடிப்பாலை நாள் முழுக்க அதிர, ஒரு கண்ணாடியில் தூசி ஒட்டாமல் இதையெல்லாம் செய்திருக்கிறார்கள்.

தங்கப்பணம் கையில் வந்த ஹோல்ட்டர்மன் செய்த காரியம்தான் இந்த ஊரைக் காப்பாற்றியது. 1873-இல் அவர் மெர்லினோடு ஒப்பந்தம் போட்டார். தன்னை ஏற்றுக்கொண்ட நாடு எப்படிப்பட்டது என்று உலகத்துக்குக் காட்ட ஒரு கண்காட்சி, அதற்கு ஊர்களையும் சுரங்கங்களையும் மக்களையும் எடுத்துத் தர வேண்டும், செலவு முழுக்க அவருடையது. மெர்லினுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அதே வருடம் செப்டம்பரில் நுரையீரல் அழற்சியில் இறந்துபோனார். பேலிஸ் தொடர்ந்தார். சிட்னி வடகரையில் ஹோல்ட்டர்மன் கட்டிய வீட்டின் கோபுரத்தில் ஏறி 1875-இல் துறைமுகம் முழுவதையும் படமாக எடுத்தார்கள். ஒட்டிச் சேர்த்த அகலப்படம் பத்து மீட்டர் நீளம். தனியாக எடுத்த ராட்சதத் தகடு ஒன்று ஐந்தடிக்கு மூன்றடி. ஈரத்தகட்டு முறையில் உலகத்திலேயே பெரியவை இவை. 1876-இல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சிக்குப் போய் வெண்கலப் பதக்கம் வாங்கின.

அதற்குள் ஹில் எண்ட் முடிந்துவிட்டது. 1874 வாக்கில் வளமான நரம்புகள் தீர்ந்தன. கம்பெனிகள் மூடின. ஜனம் அடுத்த செய்தி வந்த இடத்துக்குப் போனது. கூரைத் தகரத்தையும் கதவு ஜன்னலையும் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதால்தான் இத்தனை காலி மனை. பாதர்ஸ்டுக்கு ரயில் வந்ததே 1876-இல். இத்தனை இரும்புச் சாமானும் எருதுவண்டியிலேயே மலையேறி வந்து, பெரும்பகுதி எருதுவண்டியிலேயே இறங்கிப் போயிருக்கிறது. சகலர் பையர்ஸ் ஊரிலேயே இருந்து வீதியோரம் மரம் நட்டார். பையர்ஸ் அவென்யூவில் அந்த ஐரோப்பிய மரங்கள் இலையுதிர் காலத்தில் மஞ்சளாகும்போது பார்க்க வேண்டும். ஹோல்ட்டர்மன் சட்டமன்ற உறுப்பினராகி, 1885 ஏப்ரல் 29, தன் நாற்பத்தேழாவது பிறந்தநாளன்றே கண்மூடினார்.

தகடுகளை எல்லாரும் மறந்தார்கள். அறுபது எழுபது வருடம் பேச்சில்லை. 1951-இல் கீஸ்ட் பர்க் என்ற புகைப்படப் பத்திரிகை ஆசிரியர் விசாரித்துக்கொண்டே போய், சிட்னி சாட்ஸ்வுட்டில் ஹோல்ட்டர்மனின் மருமகள் வீட்டுத் தோட்டக் கொட்டகையைத் திறந்து பார்த்தார். பெட்டி பெட்டியாகக் கண்ணாடி, சுமார் 3,500 தகடுகள். குடும்பத்தார் அவற்றை மாநில நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்று நூலகம் அவற்றை மிக நுணுக்கமாக ஸ்கேன் செய்து இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளும் நானும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சின்னக் கடை. கூரைக்கு மரப்பட்டை, காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டைகள். வாசலில் ஏப்ரன் கட்டிய ஆள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பெருக்கிப் பார்த்தோம், பட்டனில் ஒன்று மட்டும் வேறு மாதிரி. இன்னும் பெருக்கினோம், கைநகத்தில் அழுக்கு. பின்னால் சுவரில் ஒட்டிய நோட்டீஸின் எழுத்தைப் படிக்க முடிகிறது. கைக்குழந்தையோடு நிற்கும் பெண்ணின் முகம் துல்லியமாக இருக்கிறது, குழந்தையின் முகம் மட்டும் பஞ்சாகக் கலைந்திருக்கிறது.

"அம்மா, இந்த நாய்க்கு ரெண்டு தலைம்மா!"

படம் பதிய சில விநாடி ஆகும் அல்லவா, அதற்குள் நாய் தலையைத் திருப்பிவிட்டது. மனிதர்கள் மூச்சை அடக்கி நின்றார்கள், நாய்க்கும் குழந்தைக்கும் யார் சொல்வது என்று விளக்கினேன். அவள் உடனே எல்லாப் படத்திலும் நாய் தேடத் தொடங்கிவிட்டாள். பிறகு, "இவங்க எல்லாம் யாரும்மா? பணக்காரங்களா?" என்றாள். இல்லை, கசாப்புக்காரர், கொல்லர், பொட்டிக்கடைக்காரர், துணி தைப்பவர், சுரங்கத்து ஆள் என்று சொன்னேன். "தாத்தா மாதிரியா?" என்றாள்.

ஆமாம், தாத்தா மாதிரிதான். இங்கேதான் எனக்குத் தொண்டை அடைக்கும். சுரங்க ஊர்களின் பழைய படம் என்று எங்கே தேடினாலும் இயந்திரம் இருக்கும், கோபுரம் இருக்கும், பங்களா வராந்தாவில் அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் வளர்ந்த லைன் வீட்டின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. ஷிப்டு முடிந்து வரும் அப்பாவின் படம் இல்லை. ஹில் எண்டின் கசாப்புக்காரருக்கு அது கிடைத்திருக்கிறது, அவர் சட்டைப் பட்டன் வரைக்கும். பொறாமை என்று சொல்ல மாட்டேன். இப்படிச் செய்திருக்க முடியும் என்பதற்கு ஒரு அத்தாட்சியாக இந்த ஊரைப் பார்க்கிறேன்.

விட்டுப்போனவற்றையும் சொல்ல வேண்டும். இந்தத் தகடுகளில் விராஜுரி மக்களைக் காண்பது அபூர்வம். சொந்த நிலத்திலேயே அவர்கள் படத்துக்கு வெளியே நிற்கிறார்கள். காசு கொடுத்து வாங்கக்கூடியவர்களைத்தானே மெர்லின் எடுத்தார், கடை வாசலே இல்லாதவர்கள் எப்படி உள்ளே வருவார்கள்.

நேரில் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். 1967-இல் இருந்து ஊர் வரலாற்றுத் தலமாகப் பாதுகாக்கப்படுகிறது, தேசியப் பூங்காத் துறை பார்த்துக்கொள்கிறது. க்ளார்க் தெருவிலும் டாம்பரூரா தெருவிலும் காரை விட்டு இறங்கி நடங்கள், பலகைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். 1872-இல் கட்டிய ராயல் ஓட்டல்தான் எஞ்சியிருக்கும் ஒரே மதுக்கடை. ஹாக்கின்ஸ் ஹில் பக்கம் போனால் பாதையை விட்டு விலக வேண்டாம், பழைய ஷாஃப்ட் எங்கே வாய் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. காலடியில் வெண்கல் சில்லு வெள்ளை வெளேர் என்று சிதறிக் கிடக்கும். கல்லறைத் தோட்டத்துக்கும் போங்கள், குழந்தைகளின் பெயர்கள் நிறைய இருக்கும். குளிர்காலத்தில் இரவு உறைபனி கொட்டும், கம்பளி இல்லாமல் போகாதீர்கள்.

ஓவியத்தில் ஆர்வம் இருந்தால் இன்னொரு ஹில் எண்டும் உண்டு. 1947-இல் ரஸ்ஸல் டிரைஸ்டேலும் டொனால்ட் ஃப்ரெண்டும் இங்கே வந்து, பாழடைந்த சுவர்களையும் சிவந்த மண்ணையும் வரையத் தொடங்கினார்கள். வெறிச்சோடிய ஊரில் சுவரோரம் பந்து விளையாடும் பையன்களை டிரைஸ்டேல் 1948-இல் வரைந்த படம் ஆஸ்திரேலியாவிலேயே மிகப் பிரபலமான ஓவியங்களில் ஒன்று. இன்றும் ஓவியர்கள் வந்து தங்கி வேலை செய்ய இங்கே குடில்கள் ஒதுக்கியிருக்கிறார்கள்.

சிட்னியை விட்டு நகர முடியாதவர்கள் நூலகத்தின் தளத்தில் ஹோல்ட்டர்மன் தொகுப்பைத் திறந்து ஒரு மாலையைச் செலவழிக்கலாம். குல்காங்கில் இந்தத் தொகுப்புக்கென்றே 2019-இல் ஒரு அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். அது இயங்கும் கட்டடங்களே மெர்லின் காலத்துப் படங்களில் இருக்கும் கடைகள். பழைய பத்து டாலர் காகித நோட்டில் எழுத்தாளர் ஹென்றி லாசன் முகத்துக்குப் பின்னால் அச்சாகியிருந்த தெருக்காட்சிக்கும் குல்காங் படங்கள்தான் மூலம். வரும் பள்ளி விடுமுறையில் நாங்கள் அங்கே போவதாக இருக்கிறோம். காரில் இரண்டு இடம் காலியாக இருக்கிறது, கூட வர விருப்பம் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள்.